நுரை மிதப்பு முறை

பொடியாக அரைத்த தாதுவை நீரில் கலக்கி, அந்தக் கூழுக்குள் காற்றைச் செலுத்தி, வேண்டிய கனிமத்தை மட்டும் நுரையோடு மேலே ஏற்றிப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம் நுரை மிதப்பு முறை. ஈயம், துத்தநாகம், செம்பு, நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றின் சல்பைடு தாதுக்கள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் உருக்காலைக்குப் போகின்றன. ஒரே பாறையில் இரண்டு மூன்று உலோகங்கள் பின்னிக் கிடக்கும் கலப்புச் சல்பைடு தாதுக்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுக்க, பெரிய அளவில் கைகொடுக்கும் முறை இதுவே.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போகும். இந்த வட்டாரத்தில் உலோகச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கார் தகட்டைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சு, வண்டி முழுவதும் ஓடும் செம்புக் கம்பி, ஸ்டார்ட் பேட்டரியில் இருக்கும் ஈயம் எல்லாம் இங்கே அன்றாடச் சரக்கு. மறுசுழற்சியில் வராமல் தாதுவிலிருந்து வந்த உலோகம் என்றால், அதில் மிகப் பெரும்பகுதி எங்கோ ஒரு மிதப்புத் தொட்டியின் விளிம்பில் நுரையாக வழிந்த பிறகே இங்கு வந்து சேர்ந்திருக்கும். அந்த நுரையைப் பார்த்தவர்கள்தான் இங்கே குறைவு.

எடை பார்த்துப் பிரிக்க முடியாத இடம்

மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தில் கிடைக்கும் தாதுவில் செம்பு ஏறக்குறைய ஒரு சதவீதம். நூறு கிலோ பாறையில் ஒரு கிலோ செம்பு என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 99 கிலோவையும் சேர்த்து உலையில் போட்டு உருக்கினால் எரிபொருள் செலவுக்கே கட்டாது. அதனால் உருக்குவதற்கு முன்பே வேண்டாத பாறையைக் கழித்துவிட வேண்டும்.

பழைய காலத்தில் இதற்கு எடைதான் துணை. ஈயத் தாதுவான கலீனா நீரைவிட ஏழரை மடங்கு கனமானது. குவார்ட்ஸ் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஓடும் நீரில் அலசினால் கலீனா தங்கும், குவார்ட்ஸ் அடித்துக்கொண்டு போகும். துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட்டில் இந்த வித்தை பலிக்காது. அதன் அடர்த்தி நீரைப்போல நான்கு மடங்கு. உடனிருக்கும் கார்னெட் போன்ற வேண்டாத கனிமங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அடர்த்தி. மேலும் கனிமங்கள் ஒன்றோடொன்று மிக நுணுக்கமாகப் பின்னியிருந்தால் மாவுபோல அரைத்தால்தான் விடுபடும். அவ்வளவு நுண்ணிய துகள் கனமானதாக இருந்தாலும் நீரோடு போய்விடும்.

மேற்பரப்பின் வேலை

நுரை மிதப்பு முறை எடையைப் பார்ப்பதில்லை. துகளின் மேற்பரப்பு நீரை ஏற்கிறதா, விலக்குகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளுகிறதே, அதுபோல நீரை விலக்கும் துகள் கூழுக்குள் ஒரு காற்றுக் குமிழைச் சந்தித்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். நீரை ஏற்கும் துகள் ஒட்டாது. குமிழ் மேலே போகும்போது ஒட்டிய துகளையும் தூக்கிக்கொண்டு போகிறது. நீரைவிட ஏழரை மடங்கு கனமான கலீனா, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குமிழில் தொற்றிக்கொண்டு மிதப்பது இப்படித்தான்.

இயல்பிலேயே நீரை விலக்கும் கனிமங்கள் சில உண்டு. கிராஃபைட், டால்க், மாலிப்டினைட், கந்தகம், நல்ல நிலக்கரி ஆகியவை அந்த வகை. மற்றவற்றுக்கு அந்தக் குணத்தை நாம்தான் ஏற்றிவிட வேண்டும். அதற்குச் சேர்க்கும் வேதிப்பொருள் சேகரிப்பான். சல்பைடு தாதுக்களுக்குச் சாந்தேட் உப்புகள் மிகப் பொருத்தம். சாந்தேட் மூலக்கூறின் ஒரு முனையில் உள்ள கந்தகம் கனிமத்தின் உலோக அணுவைப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் உள்ள ஹைட்ரோகார்பன் வால் நீரை விலக்கும். துகளின் மேல் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படிந்தாலே போதும் என்பதால் ஒரு டன் தாதுவுக்குச் சில பத்து கிராம் சாந்தேட் போதுமானதாக இருக்கிறது. இந்த முறை மலிவாக முடிவதற்கு இதுவே முதல் காரணம்.

குமிழ்கள் மேலே வந்ததும் உடைந்துவிடாமல் நுரையாக நிற்பதற்குப் பைன் எண்ணெய் போன்ற நுரை உருவாக்கி சேர்க்கிறார்கள். நுரை தொட்டியின் விளிம்பைத் தாண்டும்வரை நிற்க வேண்டும். வாய்க்காலில் விழுந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காத நுரை பம்புகளைத் திணறடிக்கும்.

ஈயம் முதலில், துத்தநாகம் பிறகு

கலப்புத் தாதுவில் உண்மையான சோதனை இங்கேதான். கலீனா, ஸ்பாலரைட், இரும்புச் சல்பைடான பைரைட் மூன்றும் ஒரே கூழில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நுரையில் தூக்கிவிட்டால் ஈய உருக்காலைக்கும் பயனில்லை, துத்தநாக உருக்காலைக்கும் பயனில்லை. ஒன்றை மேலே ஏற்றும்போது மற்றவற்றைக் கீழேயே பிடித்துவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது தணிப்பான்.

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் மாணவர்கள் முதல் பாடத்திலேயே இதைப் படிக்கிறார்கள். கலீனாவோடு துத்தநாகச் சல்பைடு கலந்திருந்தால் சோடியம் சயனைடு சேர்க்க வேண்டும், அது துத்தநாகச் சல்பைடின் மேல் ஓர் அணைவுச் சேர்மத்தை உண்டாக்கி மிதக்கவிடாமல் தடுக்கிறது என்பது பாடம். தேர்வுக்கு இது போதும். ஆலையில் நடப்பது இதைவிடச் சுவையானது. தூய ஸ்பாலரைட் சாதாரண அளவுச் சாந்தேட்டில் அவ்வளவாக மிதப்பதே இல்லை, ஏனென்றால் துத்தநாகச் சாந்தேட் நீரில் ஓரளவு கரையக்கூடியது. ஆனால் தாதுவில் இருக்கும் சிறிதளவு செம்புக் கனிமம் கரைந்து செம்பு அயனிகளை விடும். அவை ஸ்பாலரைட்டின் மேற்பரப்பில் துத்தநாகத்தை வெளியேற்றி அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். அப்போது மேற்பரப்பு செம்புச் சல்பைடுபோல நடந்துகொள்கிறது. சாந்தேட் உறுதியாக ஒட்டுகிறது. வேண்டாத நேரத்தில் துத்தநாகம் மிதந்துவிடுகிறது. அந்தச் செம்பு அயனிகளைக் கட்டிப்போடுவதுதான் சயனைடின் முக்கியமான வேலை. கூடவே துத்தநாகச் சல்பேட்டும் சேர்ப்பது வழக்கம். அது ஸ்பாலரைட்டின் மேல் நீரை ஏற்கும் ஹைட்ராக்சைடு படலத்தைப் படியவைக்கிறது. சயனைடும் சுண்ணாம்பும் பைரைட்டையும் அடக்கிவைக்கும்.

இப்படி ஈயத்தை எடுத்த பிறகு, இதுவரை விரட்டிய செம்பை நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம். காப்பர் சல்பேட் கரைசலை ஊற்றினால் ஸ்பாலரைட்டின் மேற்பரப்பு மாறி மிதக்கத் தயாராகிவிடும். இந்தக் கட்டத்தில் காப்பர் சல்பேட்டுக்குத் தூண்டி என்று பெயர். பைரைட் துணைக்கு ஏறிவராமல் இருக்கச் சுண்ணாம்பைக் கூட்டி பி.எச். மதிப்பை 10, 11 என்ற அளவுக்கு ஏற்றுவார்கள். துத்தநாக நுரை வழிந்து முடிந்ததும் தொட்டியில் பைரைட்டும் வெற்றுப் பாறையும் மிஞ்சும். வெள்ளி பெரும்பாலும் கலீனாவோடு சேர்ந்தே போகும். அதனால்தான் இந்தியாவில் தாதுவிலிருந்து எடுக்கும் வெள்ளியின் பெரும்பகுதி ஈயம் உருக்கும் ஆலைகளின் வழியாக வருகிறது.

சயனைடு அமிலத்தோடு சேர்ந்தால் உயிரைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிப்படும். எனவே கூழ் எப்போதும் காரத்தன்மையிலேயே இருக்க வேண்டும். சுண்ணாம்பு வரத்து நின்றுபோனால் தாது மட்டும் கெடுவதில்லை, ஆளின் உயிருக்கே ஆபத்து. சாந்தேட்டும் ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, எளிதில் தீப்பற்றும் கார்பன் டைசல்பைடை விடும். பாடநூல்கள் இந்த இரண்டையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

தொட்டியருகே

சுரங்கத்திலிருந்து வந்த பாறை நொறுக்கப்பட்டு, எஃகு உருண்டைகள் சுழலும் ஆலையில் நீரோடு சேர்த்து அரைபடும். நூறு மைக்ரானுக்குக் கீழே, சில தாதுக்களில் அதைவிடவும் மிக நுணுக்கமாக அரைக்க வேண்டும். மின்சாரச் செலவில் பெரும்பங்கு இங்கேதான். குறைவாக அரைத்தால் இரண்டு கனிமமும் ஒரே துகளில் ஒட்டியபடி இருக்கும். மிகையாக அரைத்தால் சளிபோன்ற நுண்தூளாகி எதிலும் ஒட்டாது. அரைத்த கூழ் வேதிப்பொருள் கலக்கும் தொட்டியில் சில நிமிடம் நின்று, மிதப்புத் தொட்டி வரிசைக்குப் போகும்.

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு சுழலி கூழைக் கலக்கியபடி காற்றைச் சிறு குமிழ்களாக உடைக்கிறது. முதல் தொட்டிகளில் ஈய நுரை உலோகப் பளபளப்போடு அடர்சாம்பல் நிறத்தில் கெட்டியாக வழியும். வரிசையின் கடைசிப் பக்கம் போகப் போக நுரை வெளுத்து, குமிழ்கள் ஊடே பார்க்கும் அளவுக்கு மெலிந்துவிடும். துத்தநாக வரிசையில் நுரை பழுப்பு நிறம். அனுபவமுள்ள ஆபரேட்டர் நுரையின் நிறம், குமிழின் அளவு, அது நகரும் வேகம் ஆகியவற்றைப் பார்த்தே சாந்தேட் கூடிவிட்டதா, சுண்ணாம்பு குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு தட்டில் நுரையை ஏந்தி, நீர்விட்டு மெல்லச் சுழற்றிப் பார்ப்பார். கனமான கலீனா ஓரமாகச் சாம்பல் கோடாக ஒதுங்கும். அதற்கடுத்துப் பித்தளை நிறத்தில் பைரைட், பிறகு பழுப்பாகத் துத்தநாகம். இன்று எக்ஸ் கதிர் பகுப்பாய்விகளும் நுரையைப் படம்பிடிக்கும் கேமராக்களும் வந்துவிட்டன. ஆனாலும் அந்தத் தட்டு சொல்லும் சேதி உடனுக்குடன் கிடைக்கும்.

முதல் சுற்றில் வரும் நுரையில் தூய்மை போதாது. அதை மறுபடி மறுபடி மிதக்கவிட்டுச் சுத்தம் செய்வார்கள். தொட்டியில் மிஞ்சியதையும் இன்னொரு வரிசையில் போட்டு, தப்பிப் போன கனிமத்தைத் தேடி எடுப்பார்கள். இறுதியில் கிடைப்பது அடர்தாது. ஆலையில் அதைக் கான்சன்ட்ரேட் என்பார்கள். எடுத்துக்காட்டாக, பத்து சதவீதத் துத்தநாகம் உள்ள 100 டன் தாதுவிலிருந்து, 50 சதவீதத் துத்தநாகம் உள்ள 18 டன் அடர்தாது கிடைத்தால், உள்ளே போன 10 டன் துத்தநாகத்தில் 9 டன் கைக்கு வந்துவிட்டது. மீட்பு 90 சதவீதம். தூய்மையை உயர்த்தப் பார்த்தால் மீட்பு குறையும், மீட்பை உயர்த்தப் பார்த்தால் தூய்மை குறையும். எங்கே நிற்பது என்பதை அந்தந்த நாளின் உலோக விலையும் உருக்காலை விதிக்கும் தரமும் தீர்மானிக்கின்றன.

வளர்ந்த கதை

நுரை மிதப்பு முறையின் முதல் வெற்றி உலோகத்தில் அல்ல, கிராஃபைட்டில். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த பெசல் சகோதரர்கள் 1877-இல் கிராஃபைட்டை எண்ணெயோடும் கொதிநீரின் குமிழ்களோடும் மிதக்கவிட்டுப் பிரிக்கும் காப்புரிமையைப் பெற்றார்கள். 1886-இல் அமெரிக்காவின் கேரி எவர்சன் எண்ணெயும் அமிலமும் கொண்டு சல்பைடு தாதுக்களைப் பிரிக்கும் காப்புரிமை பெற்றார். இவர்கள் யாரும் அதனால் பெரும் பணம் பார்த்ததாக வரலாறு இல்லை.

தொழில் என்ற அளவில் இதை நிலைநிறுத்தியது ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில். அங்கே ஈயத்தை எடுத்துவிட்டு, பிரிக்கத் தெரியாமல் ஒதுக்கிய துத்தநாகக் கழிவு பல லட்சம் டன் குவிந்து கிடந்தது. பாட்டரும் டெல்பிராட்டும் 1902-ஐ ஒட்டிச் சூடான அமிலக் கரைசலில் அந்தக் கழிவை இட்டு, எழும் கரியமில வாயுக் குமிழ்களால் துத்தநாகத்தை மிதக்கவைத்தார்கள். 1905-இல் சுல்மன், பிக்கார்டு, பலட் ஆகிய மூவரும் மிகச் சிறிதளவு எண்ணெயும் வேகமான கலக்கலும் காற்றும் போதும் என்று காட்டினார்கள். இது தொடர்பான காப்புரிமைச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1916-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. காப்பர் சல்பேட்டால் துத்தநாகத்தைத் தூண்டும் வழி 1910-களில் புரோக்கன் ஹில்லிலேயே பிராட்ஃபோர்டு கண்டது. சயனைடால் அதைத் தணிக்கும் வழியை ஷெரிடனும் கிரிஸ்வோல்டும் 1922-இல் கண்டார்கள். 1925-இல் கெல்லர் சாந்தேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஈய-துத்தநாக ஆலை இந்த மூன்றின்மேல்தான் நிற்கிறது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை எந்திரத்தின் முன்னேற்றங்கள்: 1960-களில் கனடாவில் உருவான மிதப்புத் தூண், ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜேம்சன் 1980-களில் உருவாக்கிய செல், 600 கன மீட்டரைத் தாண்டிய இன்றைய ராட்சதத் தொட்டிகள்.

இந்தியாவில்

ராஜஸ்தானின் சாவர் வட்டாரத்தில் களிமண் குடுவைகளில் துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்த தொழில், ஐரோப்பா துத்தநாகம் உருக்கக் கற்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. அதே சாவரின் தாதுவே நுரை மிதப்பு முறையால் மறுபடி பயனுக்கு வந்தது. அங்கே சுரங்கம் நடத்திய மெட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவை மத்திய அரசு எடுத்துக்கொண்டு 1966 ஜனவரியில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தை அமைத்தது. 2002-இல் அதன் நிர்வாகம் இன்றைய வேதாந்தா குழுமத்துக்கு மாறியது. செம்பில் ஜார்க்கண்டின் மோசாபனி, ராஜஸ்தானின் கேத்ரி, மலாஞ்ச்கண்ட் ஆகிய இடங்களின் அடர்ப்பு ஆலைகள் முக்கியமானவை. 1967-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் காப்பர் இவற்றை நடத்திவந்திருக்கிறது.

ராஜஸ்தானில் பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா அகூச்சா தனித்துப் பேச வேண்டிய சுரங்கம். 1977-இல் கண்டறியப்பட்டு 1991-இல் உற்பத்திக்கு வந்த இது, உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. அங்கே தாதுவில் கிராஃபைட் கலந்திருக்கிறது. கிராஃபைட்டுக்குச் சாந்தேட் தேவையில்லை. நுரை கண்டதும் தானாக ஏறிவிடும். அப்படி ஏறினால் ஈய அடர்தாது கரி கலந்து கெடும், விலையுயர்ந்த வேதிப்பொருளையும் கிராஃபைட் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஈயத்துக்கு முன்பே கிராஃபைட்டை மட்டும் மிதக்கவிட்டு ஒதுக்குவது ஒரு வழி. நிக்ரோசின் போன்ற சாயப்பொருளைச் சேர்த்து அதைத் தணிப்பது இன்னொரு வழி.

உலோகச் சல்பைடுக்கு வெளியிலும் இதன் ஆட்சி உண்டு. ராஜஸ்தானில் ஜாமர்கோட்ராவின் பாஸ்பேட் பாறை, ஜார்க்கண்டில் ஜாரியா வட்டாரத்தின் நுண்ணிய நிலக்கரி, பழைய காகிதக் கூழிலிருந்து அச்சு மையை நீக்கும் ஆலைகள் எல்லாம் இதே கொள்கையில் இயங்குகின்றன.

கழிவும் நீரும்

நூறு டன் தாதுவில் இருபது டன் அடர்தாது போனால், எண்பது டன் மாவுச்சேறு அங்கேயே கிடக்கும். செம்புச் சுரங்கத்தில் தொண்ணூற்றைந்துக்கும் மேல். அணை கட்டித் தேக்கிய அந்தச் சேற்றில் பைரைட் காற்றும் நீரும் பட்டு அமிலமாகக் கசியலாம், அணையே உடையலாம். 2019-இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத் தாதுக் கழிவணை உடைந்து சுமார் 270 பேர் மாண்டார்கள். கழிவைச் சிமென்ட்டோடு பிசைந்து வெட்டியெடுத்த சுரங்கக் குழிகளிலேயே நிரப்புவதும், நீரைப் பிழிந்து உலர்ந்த மண்ணாக அடுக்குவதும் பாதுகாப்பான வழிகள். செலவு கூடுதல் என்று இதைத் தள்ளிப்போடுவது ஏற்கத்தக்கதல்ல.

நீரும் பெரிய கணக்கு. வறண்ட ராஜஸ்தானில் 2014 முதல் உதயப்பூர் நகரின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஹிந்துஸ்தான் ஜிங்க் தன் ஆலைகளுக்குப் பயன்படுத்துகிறது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு கோடி லிட்டர் திறன். நீர் பற்றாக்குறை உள்ள எந்த ஊருக்கும் இது பின்பற்றத்தக்க ஏற்பாடு.

தமிழ்நாட்டில்

பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த தாது இருப்பது அறியப்பட்டு ஆராயப்பட்டது. அது பெரிய சுரங்கமாக வளரவில்லை. தூத்துக்குடியில் இயங்கி, அதை எதிர்த்த போராட்டத்தின்போது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு மூடப்பட்ட தாமிர உருக்காலை, வெளிநாட்டு அடர்தாதுவைக் கப்பலில் இறக்கி உருக்கியது. மிதப்பு முறை பாறையைத்தான் நீக்கும். சல்பைடில் உள்ள கந்தகத்தை நீக்காது. அந்தக் கந்தகமே உருக்காலையில் சல்பர் டை ஆக்சைடு ஆகிறது. ஆய்வைப் பொறுத்தவரை, சென்னை தரமணியில் உள்ள தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் மையம் தாது அடர்ப்பிலும் மிதப்புத் தூண்களிலும் பல ஆண்டுகள் ஆய்வு செய்துவந்திருக்கிறது.

இந்த மாநிலத்தில் நுரையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் போக வேண்டிய ஊர் சிவகங்கை. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி அடர்ப்பிக்கிறது. அகூச்சாவில் தொல்லையாகிப்போன அதே கனிமம் சிவகங்கையில் செல்வம். தாதுவில் சராசரியாக 14 சதவீதம் கார்பன். தகடு தகடாக அமைந்த வகை. பொதுவாகக் கிராஃபைட்டுக்கு மண்ணெண்ணெய் அல்லது டீசலே சேகரிப்பானாகப் போதும். குவார்ட்ஸை அடக்கச் சோடியம் சிலிக்கேட் சேர்ப்பார்கள். கவனம் வேண்டியது அரைப்பதில். பெரிய தகடுக்கு விலை அதிகம் என்பதால், ஒரேயடியாக மாவாக்காமல் கொஞ்சம் அரைத்து, மிதக்கவிட்டு, மறுபடி மெல்ல அரைத்து, மறுபடி மிதக்கவிட வேண்டும். பல சுற்று முடிந்தால் கார்பன் 95 சதவீதத்தை ஒட்டி வரும். உலைச் செங்கல், உருக்கும் மூசை போன்றவற்றுக்கு அது போதும்.

ஆனால் அந்தத் தூய்மை மின்சார வாகனத்தின் லித்தியம் பேட்டரிக்குப் போதாது. அதன் எதிர்மின்முனைக்கு 99.9 சதவீதத்துக்கு மேல் தூய்மை வேண்டும். தகட்டை உருண்டையாக்கி, மீதி மாசை வேதிமுறையிலோ மிகு வெப்பத்திலோ நீக்க வேண்டும். நுரை மிதப்பு முறை முடிகிற இடத்தில் தொடங்கும் வேலை அது. 2023 மே மாதம் தமிழ்நாடு அரசோடு கார் நிறுவனமான ஹூண்டாய் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பேட்டரித் தொகுப்பு ஆலையும் இடம்பெற்றது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் மின்சார வாகனத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. தண்டலத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்திருக்கின்றன. சிவகங்கைக் கிராஃபைட்டை அடர்தாதுவாகவே விற்றுவிடாமல், பேட்டரித் தரத்துக்குத் தூய்மையாக்கும் அடுத்த கட்டத்தை இந்த வட்டாரத்திலேயே அமைக்க அரசும் இந்தக் கல்லூரிகளும் முன்வர வேண்டும். மாணவர்களை முதலில் சிவகங்கைக்கு அழைத்துப்போக வேண்டும்.